குறட்டை நிம்மதியின் அடையாளமா?



"அவருக்கென்ன கவலை, தலையணையில் தலை பட்டதும் குறட்டைதான்" என்று நம் இல்லங்களில் பெருமையாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெருமையைச் சற்றே ஐயத்துடன் நோக்குமாறு இம்மாதம் உங்களை வேண்டுகிறேன்.

உறக்கத்தை ஓய்வாக ஆக்கியிருப்பதை அல்லாஹ் தன் திருமறையின் 'அந்நபா' அத்தியாயத்தில் நினைவூட்டுகின்றான். இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உள்ள உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததும் நாம் அறிந்ததே. அப்படியாயின், உறங்கியும் ஓய்வு கிட்டாதவரின் நிலை என்ன?

'ஸ்லீப் அப்னியா' என மருத்துவர்கள் குறிப்பிடும் நோய் உடையவருக்கு, உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. மணிக்கு 30 முறையும் அதற்கு மேலும் இவ்வாறு நேர்ந்தால் நோய் கடுமையானது என்பர். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், பகலில் வண்டி ஓட்டுகையில் கண் சொருகுதல் ஆகியவற்றோடு இதற்கு நெருங்கிய தொடர்புண்டு. இத்தனைக்கும் நோயாளி ஏதும் அறியார். குறட்டை திடீரென நின்று, சில நொடி அமைதிக்குப் பின் பெரும் மூச்சிரைப்புடன் தொடங்குவதை அருகில் படுத்திருக்கும் மனைவிதான் அறிவார். ஆகவே, மருத்துவரிடம் அவரும் உடன் சென்று சாட்சி சொல்வது நல்லது.

விடிய விடியக் கைப்பேசி பார்த்துவிட்டுச் சுபுஹைத் தவறவிடுவோருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது அவர்களுக்கே உரிய பாடம். ஆனால் உரிய நேரத்தில் படுத்தும் களைப்போடு எழுபவரைச் சோம்பேறி என்று ஏசுவது அநீதி. ஹிஃப்ளு வகுப்பில் தூங்கி விழும் சிறுவன் இரவில் வாயைத் திறந்து உறங்குகிறானா, குறட்டை விடுகிறானா என்று உஸ்தாத் பெற்றோரிடம் கேட்கவேண்டும். டான்சில், அடினாய்டு வீக்கத்தாலும் சிறார்க்கு இந்நோய் வருகிறது. அறுவைச் சிகிச்சை பலருக்குக் குணமளிக்கிறது. பிரம்பு எவருக்கும் குணமளித்ததில்லை.

இது குடும்பத்தோடு முடியும் காரியமன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டிமென்ட், உறக்கக் கோளாறுகளைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஏற்குமாறு பல்லாண்டுகள் வாதாடினார். அவர் தலைமையிலான தேசிய ஆணையம், ஏறத்தாழ 4 கோடி அமெரிக்கர்கள் இத்தகைய கோளாறுகளால் அவதியுறுவதாக மதிப்பிட்டது. 1993ல் அந்நாட்டு அரசு இதற்கெனத் தேசிய ஆய்வு மையமொன்றை நிறுவியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2014ல் ஓட்டுநர் உரிம விதிகளிலேயே ஸ்லீப் அப்னியாவைச் சேர்த்தது.

நம் நாட்டில் சட்டம் முந்திக்கொண்டது. டெல்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக் கொண்டிருந்தோரைக் காவல்துறை நள்ளிரவில் கலைத்த வழக்கில், உறக்கமும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமையே என உச்சநீதிமன்றம் 2012ல் கூறியது. காவலரின் தடியிலிருந்து காக்கப்படும் உறக்கம் நோயிலிருந்தும் காக்கப்பட வேண்டாமா?

தமிழக அரசு 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் இல்லம் தேடி வந்து இரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்க்கின்றனர். உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் அடக்கவியலாத தூக்கம் வருகிறதா என்ற இரு கேள்விகளையும் அவர்கள் கேட்கட்டும். உறக்கப் பரிசோதனை மாவட்ட மருத்துவமனைதோறும் கிடைக்கட்டும். மூச்சுப்பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் 'சிபேப்' கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981லேயே உலகுக்கு அறிவித்தார். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள அக்கருவி ஏழைக்கும் எட்ட, அரசுக் காப்பீடு கைகொடுக்க வேண்டும். இரவு லாரி ஓட்டும் சகோதரர்களுக்கு இது முதலில் தேவை.

இவற்றைக் கோரி மஹல்லா ஜமாஅத்துகள் சுகாதாரத் துறைக்கு எழுதலாம். பதில் வரும்வரை காத்திராமல், உங்கள் பள்ளிவாசலில் அடுத்து நடக்கும் மருத்துவ முகாமில், இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையருகே ஓர் அளவு நாடாவும் வைக்கச் சொல்லுங்கள். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேற்பட்டவரிடம் அவரது உறக்கத்தைப் பற்றியும் மருத்துவர் விசாரிக்கட்டும்.