அரசின் அறிவியலும் ஊராரின் நம்பிக்கையும்: அரிட்டாபட்டிக்குப் பிறகு ஒரு நிலைப்பாடு

அரசு எடுக்கும் முடிவுகளுக்கு அறிவியல் ஆய்வே அடிப்படையாக இருக்க வேண்டும் என்பதும், அந்த ஆய்வு முடிவெடுப்பதற்கு முன்பாகவே, முடிவின் சுமையைத் தாங்கப்போகும் ஊராரிடம் தமிழில், அவர்கள் கேள்வி கேட்கக்கூடிய கிராம சபையில் வைக்கப்பட வேண்டும் என்பதும் அழகர்கோவில் வட்டார ஊர்களில் இயங்கும் இவ்வமைப்பின் நிலைப்பாடு. முதற்பகுதியை ஏற்றுக்கொண்டு இரண்டாம் பகுதியைத் தவிர்க்கும் அரசுகள், டெல்லியில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், அறிவியலுக்கே தீங்கு செய்கின்றன. பொதுநம்பிக்கை என்று இவ்வறிக்கை குறிப்பிடுவது கட்சிப் பற்றையோ தலைவர் மீதுள்ள அபிமானத்தையோ அன்று. தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர் சொல்லும்போது, அவர் எதையும் மறைக்காமல் சொல்கிறார், தவறினால் பொறுப்பேற்பார் என்று மக்கள் கொள்ளும் எதிர்பார்ப்பையே அச்சொல் குறிக்கிறது.

இந்த நிலைப்பாட்டுக்குக் காரணமான நிகழ்வு அழகர்மலைக்குக் கிழக்கே நடந்தது. மேலூர் வட்டாரத்தின் அரிட்டாபட்டி, மதுரை கிழக்கு வட்டத்தின் மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களைச் சேர்ந்த 193.215 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, அரிய உயிரினங்கள் செறிந்த நிலப்பரப்பை உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து மாநில அரசு இவ்வாறு அறிவிக்கலாம்; தமிழ்நாட்டில் அவ்வறிவிப்பைப் பெற்ற முதல் இடம் இதுவே. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 ஊற்றுகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், அவற்றுள் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு ஆகிய வேட்டைப் பறவைகள், அலங்கு எனப்படும் எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு என அரசே பட்டியலிட்டது. சமணப் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் குடைவரைக் கோயிலும் அங்கே உள்ளன. இவ்வளவும் அரசின் துறைகள் திரட்டிய அறிவு. ஊரார் உணர்ச்சிவசப்பட்டுச் சேர்த்தது அன்று.

அதே நிலத்தை உள்ளடக்கிய 2,015.51 எக்டேர் பரப்பு, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் மத்திய சுரங்க அமைச்சகத்தால் ஏலம் விடப்பட்டு, வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தெரிவு செய்யப்பட்டதாக 2024 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் 3,400 பாகை செல்சியஸுக்கு மேல்தான் உருகும் உலோகம். உலோகங்களை அறுக்கும் கருவிகள், துளையிடும் முனைகள், படைக்கருவிகள் ஆகியவற்றுக்கு அது தேவைப்படுகிறது. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிடம் இருப்பதால், உள்நாட்டில் அதைத் தேட வேண்டும் என்ற அரசின் கவலை நியாயமானது என்று இவ்வமைப்பு ஏற்கிறது. இதற்காகவே 2023இல் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்டு, 24 கனிமங்கள் முக்கியக் கனிமங்களாக வகுக்கப்பட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாற்றப்பட்டது.

இங்கே விடப்பட்டது கூட்டு உரிமத்துக்கான ஏலமாகும். முதலில் கனிமத்தைத் துருவி ஆராய்வதற்கும், கிடைத்தால் அதே நிறுவனம் சுரங்கக் குத்தகை பெறுவதற்கும் ஒருசேர வழிவகுப்பது கூட்டு உரிமம். நிலத்தடிக் கனிமத்தின் அளவும் தரமும் முழுமையாக உறுதிப்படாத தொடக்கநிலையிலேயே அதை ஏலம் விடச் சட்டம் இடம் தருகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது ஒரு திட்டம் நீரையும் நிலத்தையும் உயிர்களையும் எவ்வாறு மாற்றும் என்று முன்கூட்டிக் கணிக்கும் ஆய்வு, அதன் பிறகே வரும். நிறுவனம் யாரென்று முடிவாகிய பின்னரே, நிலம் தாங்குமா என்ற கேள்வி எழுகிறது. அழகர்மலையின் சிலம்பாறு முதல் அரிட்டாபட்டியின் சுனைகள் வரை அனைத்தும், பாறை வெடிப்புகளில் தேங்கி ஊறும் மழைநீரால் உயிர்வாழ்பவை. பெரியாறு கால்வாயின் கடைமடையாகிய மேலூரில் கால்வாய் நீர் ஒருபோகச் சாகுபடிக்கே கிடைப்பதால், கண்மாய்களும் இவ்வூற்றுகளும் எஞ்சிய மாதங்களுக்கு ஆதாரம். பாறையை வெடிவைத்துத் தோண்டினால் இந்த நீரோட்டம் என்னவாகும் என்பதே ஊரார் கேட்ட முதற்கேள்வி. அது அறிவியல் கேள்வி. அதற்குரிய ஆய்வு எதுவும் அவர்களிடம் வைக்கப்படாமலேயே ஏலம் முடிந்திருந்தது.

மேலூர் மக்களின் ஐயம் திடீரென முளைத்ததும் அன்று. கிரானைட் குவாரிகளில் நடந்த விதிமீறல்களால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் அறிக்கை அளித்தார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் செய்தபோது, 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கை இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது. குன்றுகள் வெட்டுண்டதையும் கண்மாய்கள் கழிவுக் கற்களால் மூடப்பட்டதையும் கண்ணெதிரே பார்த்த ஊர்களிடம், கனிமத் துறையின் சொல்லை நம்புங்கள் என்று ஓர் அரசு கேட்குமானால், அந்த நம்பிக்கையை முதலில் ஈட்டிக்கொள்ள வேண்டிய கடமை அரசுக்கே உண்டு. இவர்களை அறிவியலுக்கும் வளர்ச்சிக்கும் எதிரானவர்கள் என்று சித்திரிப்பது வரலாறு அறியாத பேச்சு.

ஏலத்துக்குப் பின் இரு அரசுகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. எதிர்ப்பை 2023 அக்டோபரிலேயே கடிதமாக எழுதியதாக மாநில அரசு கூறியது; ஏலம் தொடங்கியதிலிருந்து முடிவு வரும்வரை மாநிலம் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றும், தொகுதிக்குள் பல்லுயிர்த் தலம் இருப்பதை மாநிலம் குறிப்பிட்டபோதும் ஏலம் வேண்டாம் என்று பரிந்துரைக்கவில்லை என்றும் மத்திய அமைச்சகம் 2024 டிசம்பர் 24 அன்று விளக்கம் அளித்தது. இந்தக் கடிதப் போக்குவரத்தில் எவர் எந்தத் தேதியில் என்ன எழுதினார் என்பதைவிட இவ்வமைப்புக்கு முக்கியமாகப் படுவது வேறு: அவ்வளவு காலமும் அந்தக் கடிதங்களில் ஒன்றுகூட அரிட்டாபட்டி ஊராட்சியின் அறிவிப்புப் பலகைக்கு வரவில்லை. நிலத்தில் டங்ஸ்டன் உண்டு என்பதும், அதே நிலத்தில் வல்லூறு உண்டு என்பதும் அரசுக்குள் தெரிந்திருந்தன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் கடமையுள்ள அதிகாரிதான் எவருமில்லை.

எதிர்ப்பு பரவிய விதம் நாடறிந்தது. 2024 நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் நோக்கிப் பல்லாயிரவர் நடந்தனர். தொகுதியின் எல்லையை மறு ஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தை டிசம்பரில் கேட்டுக்கொண்ட அமைச்சகம், ஜனவரி 23 அன்று ஏலத்தையே ரத்து செய்தது. பல்லுயிர்த் தலத்தையும் மரபுரிமையையும் காரணமாகக் கூறிய அவ்வறிவிப்பை இவ்வமைப்பு வரவேற்கிறது. ஆயினும், ஊர்த் தலைவர்களாகிய அம்பலகாரர்கள் அடங்கிய தூதுக்குழு டெல்லியில் சுரங்க அமைச்சரைச் சந்தித்த மறுநாள் வந்ததால், அது கட்சிகள் பெற்றுத் தந்த சலுகையாகவே பலர் மனத்தில் பதிந்தது. சலுகையாகக் கிடைத்தது அடுத்த ஆட்சியில் திரும்பப் பெறப்படலாம். ஆய்வின் முடிவாக எழுதி வைக்கப்பட்டிருந்தால், மாற்ற விரும்புவோர் எதிர் ஆய்வு காட்டியாக வேண்டும்.

மக்கள் அறிவியலை நம்புவதில்லை என்ற பொதுக்கூற்று இவ்வட்டாரத்து நடைமுறைக்குப் பொருந்தாது. சுரங்க வரைபடத்தை நம்ப மறுக்கும் அதே தாய், கிராம சுகாதாரச் செவிலியர் சொன்ன நாளில் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வருகிறாள். செவிலியர் அடுத்த வாரமும் அதே தெருவுக்கு வருவார், காய்ச்சல் கண்டால் பதில் சொல்வார். ஏல அறிவிப்பை எழுதியவர் யாரென்றே ஊருக்குத் தெரியாது. அந்தத் தடுப்பூசி நம்பிக்கையும் என்றைக்கும் உறுதியானதன்று என்பதை 2017இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது வாட்ஸ்அப் வதந்திகள் காட்டின. வெளிநாட்டிலும் இப்படி நம்பிக்கை குலைந்ததுண்டு. பிரிட்டனில் 1990இல், மாட்டு நோய் பற்றிய அச்சத்தின் நடுவே, மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்ட வேளாண் அமைச்சர் தொலைக்காட்சிக் கேமராவின் முன் தம் மகளுக்கு அதை உண்ணக் கொடுத்தார். பித்த மாட்டு நோய்க்கும் மனிதரின் மூளை நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று 1996இல் அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மக்களைப் பீதியிலிருந்து காக்க முனைந்த அரசு, உறுதியின்மையைச் சொல்லாமல் விட்டதே அங்கு நம்பிக்கையைக் குலைத்தது என்று பின்னர் அமைந்த விசாரணை கண்டது.

இதே நம்பிக்கைக் கேள்வி எழுந்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தில் இவ்வமைப்பின் பார்வை, ஆதரித்தோர், எதிர்த்தோர் ஆகிய இரு தரப்பாருக்கும் உவப்பாக இராது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பாலான உணர்கருவியை நிறுவவும், அதன் மையத்தை மதுரை வடபழஞ்சியில் அமைக்கவும் திட்டமிடப்பட்டு, 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் ஒவ்வொரு நொடியும் நம் உடல்கள் வழியே கோடிக்கணக்கில் ஊடுருவிச் செல்லும், பெரும்பாலும் எதையும் பாதிக்காத நுண்துகள். அதைக் கண்டறியும் ஆய்வகம் கதிர்வீச்சைப் பரப்பும் என்ற பிரசாரத்துக்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை. அதைப் பரப்பியவர்கள் நல்ல நோக்கத்தோடு செய்திருந்தாலும் மக்களுக்கு நன்மை செய்யவில்லை. அதேசமயம், மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தும் அதற்குரிய உயர்நிலை மதிப்பீடு செய்யப்படாததால் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அனுமதியை நிறுத்திவைத்தது; அந்தக் குறை உண்மையானது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காட்டி 2022இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களை முதன்முதலாகக் கண்டறிந்தவர்களுள் இந்திய அறிவியலாளர்களும் இருந்தனர். அந்த மரபின் தொடர்ச்சி பொட்டிப்புரத்தில் முடங்கியதற்கு வதந்தியோடு நடைமுறைக் குறுக்குவழியும் காரணம்.

கீழடியிலும் இதே நோயின் வேறொரு வடிவம் தென்படுகிறது. முதல் இரு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையை, 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. காலக்கணிப்பில் கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு. அறிக்கையை அப்படியே வெளியிட்டு, மறுப்பையும் அதனருகே அச்சிட்டால், அறிஞர்கள் தீர்ப்பார்கள். கோப்பில் வைத்திருப்பதால், அது எந்தக் கட்சியின் மண் என்ற சண்டையாகவே தெருவில் நடக்கிறது.

இந்தப் பின்னணியில், முக்கியக் கனிமங்கள் உள்ளிட்ட சில வகைச் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணையை இவ்வமைப்பு எதிர்க்கிறது. அதை உடனே திரும்பப் பெற வேண்டும் என்று கோருகிறது. அரிட்டாபட்டியிலிருந்து கற்க வேண்டியதற்கு நேர்மாறானதை அரசு கற்றிருக்கிறது. ஏலத்துக்கு முன்பே நிலவியல் அறிக்கை, நீரியல் ஆய்வு, பல்லுயிர்ப் பட்டியல், தொல்லியல் பதிவு ஆகியவை ஒரே தொகுப்பாகத் தமிழில் கிராம சபைக்கு வர வேண்டும். எது உறுதி, எது ஊகம் என்று அவற்றில் குறித்திருக்க வேண்டும். எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். மாநில அரசின் மறுப்பு எதுவாயினும் அன்றே பகிரங்கப்பட வேண்டும். இக்கோரிக்கை இவ்வமைப்பையும் கட்டுப்படுத்தும். நாளை நடக்கும் ஆய்வொன்று நீரூற்றுகளுக்குத் தீங்கில்லை என்று கண்டால், அம்முடிவும் அதே கிராம சபையில் முழுமையாகப் படிக்கப்படும்.

ரத்தான ஏலத்தின் பரப்பில் பல்லுயிர்த் தலமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சிய நிலத்துக்கு அத்தகைய அரண் இல்லை. பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழுவையும், ஊராரின் அறிவைக் கொண்டு எழுதப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் வேண்டுகிறது. எனவே தொகுதியைச் சேர்ந்த ஊர்கள் அனைத்திலும், மாநிலப் பல்லுயிர் வாரியமும் கல்லூரித் துறைகளும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து அப்பதிவேடுகளை ஓராண்டுக்குள் புதுப்பித்து, எந்தக் கண்மாய் எந்தக் குன்றின் நீரால் நிறைகிறது என்ற வரைபடத்தோடு, ஊராட்சி அலுவலகத்தில் எவரும் புரட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தை இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.