நாலு லட்சத்துக்கு வாங்கினாலும் அது நாற்பது லட்சத்துக் கார்தான்

போன வாரம் கேன்டீனில் ஒரு பஞ்சாயத்து. வகுப்புத் தோழன் ஒருத்தன் (பேர் வேண்டாம், எப்படியும் இதைப் படிப்பான்) செல்போனை நீட்டினான். பழைய பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், டீசல். கருப்பு கலர், தோல் சீட்டு, சன்ரூஃப். ஓடியது 1,60,000 கிலோமீட்டர். கேட்கிற விலை நாலரை லட்சம்.

"மச்சி, புதுசா ஒரு சின்ன கார் வாங்கணும்னாகூட இதைவிட அதிகமாகும்டா. அப்பா ரிட்டையர் ஆனப்ப வந்த பணம் சும்மா பேங்க்லதான் இருக்கு. நான் கேட்டா தருவார்."

எல்லாரும் "வாங்குடா வாங்குடா" என்று ஏற்றிவிட்டார்கள். நான் மட்டும் "வேணாம்டா, கொஞ்சம் பொறு" என்றேன். உடனே பொறாமைக்காரன் பட்டம் கிடைத்தது. (கொஞ்சம் பொறாமையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன் :-) ) அன்றைக்கு சத்தத்தில் சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

இதில் வாய் திறக்க எனக்கு இருக்கும் ஒரே தகுதி எங்கள் மாமாவின் கார். ராயப்பேட்டையில் சின்ன அச்சகம் வைத்திருப்பவர் அவர். 2014-ல் ஒரு 1995 மாடல் மெர்சிடிஸ் இ220 வாங்கினார். கார் பைத்தியங்கள் டபிள்யூ124 என்று சொல்லும் ரகம். ஜெர்மனியில் 1984 கடைசியில் வந்தது. மெர்சிடிஸ் 1994-ல் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து இந்தியாவில் கம்பெனி தொடங்கி, 1995-ல் புனேயில் முதன்முதலாகப் பூட்டி வெளியே விட்ட கார் இதுதான். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான். அது நீண்டு சுருங்கி மூலை வரைக்கும் துடைப்பதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

மாமா கொடுத்த விலை 1,80,000 ரூபாய். அப்போது ஓடியிருந்தது 2,10,000 கிலோமீட்டர். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. ஆறு மாதம் ஓடியது.

அப்புறம் ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது என்ஜின் திணற ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் குலுங்கும். மழை பெய்தால் இன்னும் மோசம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஸ்பார்க் ப்ளக் மாற்றினார்கள். சரியாகவில்லை. இக்னிஷன் காயில் மாற்றினார்கள். ரெண்டு நாள் நன்றாக ஓடி, திரும்பவும் அதே கதை. ஒரு சென்சார், அப்புறம் இன்னொரு சென்சார். கடைசியில் "கம்ப்யூட்டர் போச்சு சார், மாத்தணும்" என்றார்கள். அதற்குச் சொன்ன விலை கார் வாங்கிய விலையில் பாதி. அதற்குள் செலவானதே, அந்த வருஷ டைரி, காலண்டர் சீசனுக்குப் பேப்பர் வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணம். அத்தை ரெண்டு வாரம் மாமாவிடம் பேசவில்லை.

யாரோ சொல்லி, புதுப்பேட்டை பக்கம் ஒரு பாயிடம் காரை எடுத்துப் போனோம். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. என்ஜின் மேலே போகும் ஒயர் கட்டில் டேப்பைக் கொஞ்சம் பிரித்து, ஒரு ஒயரை விரலால் லேசாக வளைத்தார். மேல் உறை பழைய அப்பளம் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பி பக்கத்துக் கம்பியோடு உரசிக்கொண்டு இருந்தது.

"தம்பி, இந்த வருஷத்து வண்டிங்க எல்லாத்துலயும் இது உண்டு. ஒயரிங் மாத்துனா போதும். கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு."

பிறகு நானே தேடிப் படித்தேன். 90-களின் முதல் பாதியில் வந்த பல மெர்சிடிஸ்களில் என்ஜின் ஒயர்களுக்கு, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சீக்கிரம் மக்கக்கூடிய பொருளில் உறை போட்டிருக்கிறார்கள். என்ஜின் சூட்டில் சில வருஷங்களிலேயே அது மக்கிப்போனது. உலகம் முழுக்க இந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. ஒயரிங்குக்கு ஆன செலவைவிட, அதற்கு முன் தேவையில்லாமல் மாற்றிய பொருட்களுக்கு ஆனது அதிகம்.

இந்தக் கதையிலிருந்து "பழைய சொகுசு காரே வேண்டாம்" என்று நான் முடிவு கட்டவில்லை. ஏனென்றால் அதே கார் இன்றைக்கும் ஓடுகிறது. மீட்டர் 3,40,000-ஐத் தாண்டிவிட்டது. போன மாதம்கூட அத்தையும் மாமாவும் அதில்தான் திருவண்ணாமலை போய் வந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். காரின் விலை வருஷா வருஷம் விழும். அதன் பாகங்களின் விலை விழாது. நாற்பது லட்சத்துக்கு விற்ற கார் நாலரை லட்சத்துக்கு வந்திருக்கலாம். ஆனால் அதன் ஷாக் அப்சார்பருக்கும், ஹெட்லைட்டுக்கும், கியர்பாக்ஸுக்கும் அது நாலரை லட்சத்துக்குக் கைமாறியது தெரியாது. விலை இவ்வளவு விழுந்ததற்கே முக்கியக் காரணம் அதுதான். அடுத்து வரப்போகிற செலவு, விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது.

என் நண்பன் பார்க்கும் காரையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து பிஎம்டபிள்யூ நாலு சிலிண்டர் டீசல்களில் (என்47 என்கிற என்ஜின்) டைமிங் செயின் என்ஜினின் முன்பக்கம் இல்லை. பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்காமல் அங்கே கை போகாது. செயினின் விலை ஒரு பங்கு என்றால் கூலி பல பங்கு. சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் ஓட்டி, செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே காலி.

இன்னொன்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். "இதுக்கு ஆயில் மாத்தவே வேணாம், லைஃப்டைம் ஆயில்" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். கார் கம்பெனியே அப்படித்தான் சொன்னது. ஆனால் அந்தத் தலைமுறை பிஎம்டபிள்யூக்கள் பலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுத்த இசட்எஃப் கம்பெனி, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. யார் லைஃப் என்று கேட்க வேண்டியதுதான். முதல் ஓனர் மூணு, நாலு வருஷத்தில் விற்றுவிடுவார். அவருக்கு அது லைஃப்டைம்தான். மூணாவது ஓனருக்கு?

பெரிய கார்களில் ஒரு கோளாறு தனியாகவும் இருப்பதில்லை. ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் ஒரு காற்றுப் பையில் சின்னக் கசிவு என்று வையுங்கள். காலையில் பார்த்தால் கார் ஒரு மூலையில் தாழ்ந்து நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் காற்றடித்துத் தூக்கிவிடும். "அதான் தூக்கிடுச்சே" என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்தக் கம்ப்ரஸர் எப்போதாவது வேலை செய்யத்தான் செய்யப்பட்டது. தினமும் ஓடி ஓடி அது கருகும். அப்புறம் கம்ப்ரஸரை மட்டும் மாற்றி, கசிவை விட்டால் புதுசும் கருகும். கூலன்ட் விஷயமும் அப்படியே. பிளாஸ்டிக் டேங்கில் ஒரு வெடிப்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நாம் குழாய்த் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருப்போம். உள்ளே உப்பு படியும், துரு பிடிக்கும். ஒருநாள் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் சூடேறினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

அதனால்தான் மீட்டரில் இருக்கும் எண்ணைப் பார்த்து பயப்படுவதோ சந்தோஷப்படுவதோ ரெண்டுமே தப்பு என்கிறேன். கிரீஸில் ஒரு டாக்ஸி டிரைவர், 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-ல் மெர்சிடிஸ் கம்பெனியே அதை வாங்கி மியூசியத்தில் வைத்தது. கை வைக்காமலே அவ்வளவு ஓடிவிடவில்லை. என்ஜினையே பல தடவை இறக்கி ஏற்றியிருக்கிறார். அதாவது, காரைக் கெடுப்பது ஓட்டம் இல்லை. செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைதான் கெடுக்கிறது. மீட்டரைத் திருத்தி 60,000 என்று காட்டும் காரைவிட, பில்லோடு வரும் 2,00,000 கிலோமீட்டர் கார் எவ்வளவோ மேல்.

இங்கே நம்ம ஊர் பழக்கம் ஒன்றையும் திட்ட வேண்டும். பொருளுக்கு எவ்வளவு சொன்னாலும் கொடுப்போம், கோளாறைக் கண்டுபிடித்த மெக்கானிக்குக் கொடுக்க மட்டும் கை வராது. "டேப்பைப் பிரிச்சுப் பார்த்தாரு, அவ்வளவுதானே" என்று மாமாவே முதலில் முனகினார். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பின்னால் பாயின் முப்பது வருஷம் இருக்கிறது. பார்ப்பதற்குக் காசு தரமாட்டோம் என்றால் மெக்கானிக் வேறு எதில் சம்பாதிப்பார்? பொருளை மாற்றித்தான். தேவையோ இல்லையோ, மாற்றிக்கொண்டே இருப்பார். அந்த முதல் ஒர்க்‌ஷாப் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் பாதித் தப்பு நம்முடையது.

அதற்காக எல்லாவற்றையும் கம்பெனி ஷோரூமிலேயே வாங்கவும் வேண்டாம். மாமா ஆன் செய்த உருப்படியான காரியம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறி இறங்கியதுதான். கார் கம்பெனி எல்லா பாகத்தையும் தானே செய்வதில்லை. பாஷ், சாக்ஸ், லெம்ஃபோர்டர், மான் மாதிரி கம்பெனிகளிடம் பலதை வாங்கித்தான் பூட்டுகிறது. அதே கம்பெனியின் டப்பாவில், நட்சத்திரம் போடாமல் வந்தால் விலை குறைவு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை எடுத்துக்கொண்டு போனால் தப்பான பொருளைத் தலையில் கட்ட முடியாது. ஆனால் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் பேர் தெரியாத மலிவுச் சரக்கைப் போட்டு மிச்சம் பிடிப்பது தற்கொலை. அந்தக் காசை சீட் கவரில் மிச்சம் பிடியுங்கள்.

சரி, நண்பா, உனக்கு நேராகவே சொல்கிறேன். வாங்குவதற்கு முன் இதெல்லாம் செய்.

கார் பார்க்கப் போகும்போது என்ஜினைச் சூடு பண்ணி வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும் முதல் பத்து நொடியில் செயின் சத்தம் இருந்தால் கேட்கும். சர்வீஸ் பில்லைக் கேள். "எல்லாம் கரெக்டா பண்ணிருக்கோம் சார்" என்பது பில் இல்லை. நாலு டயரிலும் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. நாலும் நாலு கம்பெனியாகவோ, ரொம்பப் பழசாகவோ இருந்தால், டயரிலேயே காசு பார்த்தவர் உள்ளே என்ன செய்திருப்பார் என்று யோசி. பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்தக் கேள்விக்கு அவர்கள் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருத்தரைக் கூட்டிப் போ. பேட்டரி வீக்காக இருந்தாலே இந்தக் கார்களில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை எல்லாம் எரியும், அதனால் முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: நாலரை லட்சம் கையில் இருந்தால் நாலரை லட்சத்துக்குக் கார் வாங்காதே. மூணு லட்சத்துக்கு வாங்கி, ஒன்றரை லட்சத்தை முதல் வருஷத்துக்கென்று தனியாகப் போட்டு வை. அப்படி வைக்க முடியாது என்றால் இந்தக் கார் நமக்கு இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான். அதுவும் அப்பா முப்பது வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. அவர் தருவார்தான். எங்கள் மாமா மாதிரி ஒரு சீசனோடு மீண்டுவர அவருக்கு அச்சகம் இல்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "மாப்ளே, எனக்கு அன்னிக்கே யாராவது இப்படிச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்னு நினைக்கிறியா? கேட்டிருக்க மாட்டேன். ஆனா பாய்கிட்ட ஒருதடவை காட்டிட்டு வாங்கியிருப்பேன்."

அதனால் வர்ற சனிக்கிழமை காலை பாய் நேரம் ஒதுக்கியிருக்கிறார். பார்ப்பதற்கான காசை நான் தருகிறேன். கார் நன்றாக இருந்தால் முதல் ரவுண்டு நான்தான் ஓட்டுவேன். நன்றாக இல்லை என்று அவர் சொன்னால், திரும்பி வரும் வழியில் பிரியாணி நீ வாங்கித் தர வேண்டும். டீல்?