தனிக்கட்டை எழுதிய குடும்பக் கதை

போன வாரம் சிவகாசியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். கையில் வழக்கம்போல் ஒரு கட்டுக் காலண்டர். கூடவே மகளுக்கு வந்திருக்கும் வரனின் ஜாதகம்.

"பெண்ணைக் கேட்டாயா?" என்றேன்.

"அவளை என்ன கேட்கிறது, மதினி? பட்டாசுக் கடை, சொந்த வீடு, ஒரே பையன். அவ அப்பா முடிவு பண்ணியாச்சு."

நான் பதில் பேசவில்லை. அவள் என் மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்'.

"யார் இவர்?"

சொன்னேன். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938-இல் கப்பலேறி, சுமத்ராவில் மெடான் நகரத்து வட்டிக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கேயே மணமுடித்தார், பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். யுத்தம் ஓய்ந்து 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. ஏறத்தாழ 50 வருஷம் அதுதான் வீடு. 1997-இல் காலமானார்.

"பாவம், தனிக்கட்டை! அவருக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?"

இந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிங்காரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தமிழுலகம் அவரைக் கவனிக்கவில்லை என்பது உண்மைதான். கலைமகள் போட்டியில் பரிசு பெற்ற இந்த நாவல் 1959-இல் புத்தகமாயிற்று. 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. அப்புறம் நாவலே இல்லை. அமெரிக்காவில் சாலிஞ்சர் என்ற எழுத்தாளரும் 1965-க்குப் பிறகு, 2010-இல் இறக்கும்வரை, புதிதாக ஒரு கதையும் வெளியிடவில்லை. ஆனால் அவர் தேடி வந்தவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டவர். சிங்காரத்தைத் தேடிப் போனவர்களே கொஞ்சம்!

அதற்காக அவர் மனிதர்களை வெறுத்தவரா? தம் சேமிப்பை ஏழை மாணவர் படிப்புக்குக் கொடுத்தவர் அவர். நாவலையும் பாருங்கள். பினாங்கில் ஒரு வட்டிக் கடை. பெட்டியடிப் பையன் முதல் முதலாளி வரை எல்லாரும் கண்முன் நடமாடுகிறார்கள். நம் விருதுநகர்க் கடைவீதியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு புதிதாயிராது. நேதாஜி படையில் சேர்ந்து திரும்பிய செல்லையாவும் முதலாளி மகள் மரகதமும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். முதலாளி வானாயீனாவுக்கு மகள்மேல் பாசம் இல்லாமலில்லை. ஆனால் பட்டாளத்துக்குப் போனவன் கடைக்கு ஆகமாட்டான் என்று கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் மரகதத்தின் மனசு எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. தகப்பனாரைக் கெட்டவராக்காமலே அந்தப் பெண்ணின் துக்கத்தை நமக்கு உணர்த்திவிடுகிறார் சிங்காரம். குடும்பம் தெரியாதவரால் இது முடியுமா, சகோதரிகளே?

நாத்தனார் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். நேற்று ராத்திரி போன் வந்தது.

"அந்த வானாயீனா செய்தது நியாயமா, மதினி?" என்று கேட்டாள். சற்றுப் பொறுத்து, "ஜாதகம் நம்ம கையில்தானே இருக்கு? மகளை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பதில் சொல்லலாம்னு அவரிடம் சொல்லிட்டேன்" என்றாள்.