தெர்மாகோல் ஏரி

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடம் வந்தது, தேர்வு வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. ஊர் ஏரிக்கரையை ஒருநாளும் மிதித்திராத பிள்ளை, தெர்மாகோலில் ஏரி செய்து, நீலச்சாயம் பூசி, 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று எழுதிப் பள்ளியில் வைத்துவிட்டு வருகிறது. (பெரும்பாலும் அம்மாதான் இரவு கண்விழித்துச் செய்திருப்பார்.) இதைக் கல்வி என்று ஒப்புக்கொள்வதற்கில்லை.

கல்வி எப்படி இருக்கும் என்பதைச் சென்னைக் கடற்கரையில் பார்க்கலாம். அங்கே 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், ஜனவரி பிறந்தால் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடக்கிறார்கள். மணலில் பங்குனி ஆமை ஏறிய தடம் தெரிந்தால் குழியைத் தேடிப்பிடித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை நாய்கள் வருமுன் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் அதே கரையில் செத்து ஒதுங்கின. விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கினால் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாது. இதைக் கரையில் நின்று பார்த்த பிள்ளைக்கு எந்தக் கட்டுரைப் போட்டியும் வேண்டியதில்லை.

'ஏரி, கடல் என்றால் ஆபத்து, பிள்ளைகளை அங்கே அனுப்ப முடியாது' என்கிறார்கள் பெற்றோரும் பள்ளிகளும். ஆபத்து உண்மைதான். கோடை விடுமுறையில் ஏரியில் மூழ்கும் சிறுவர்களைப் பற்றி ஆண்டுதோறும் படிக்கிறோம். ஆனால் அந்த ஏரியில் அளவில்லாமல் மண் அள்ளிப் பள்ளமாக்கியவர்கள் யார்? கரையை வளைத்துப் பட்டா கேட்டவர்கள் யார்? குழி தோண்டியவர்களைக் கேட்காமல் பிள்ளைகளை வீட்டில் பூட்டுவது கோழைத்தனம். நீச்சல் கற்றுத் தராதது அதைவிடப் பெரிய குற்றம். 'கல்விச் சுற்றுலா' என்று கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து பிடிக்கும் பள்ளிகளுக்கு, நடந்தே போகக்கூடிய கண்மாய் மட்டும் தூரமாகிவிடுகிறது!

மாதம் ஒரு முழு நாளைப் பள்ளிக்கல்வித் துறை நீர்நிலைகளை நேரில் பார்ப்பதற்கென ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் தங்கள் ஊர்க் கண்மாயில் மடை அடைபட்டிருக்கிறதா, வரத்துக்கால்வாயில் வீடு முளைத்திருக்கிறதா, எந்தப் பறவை வந்திருக்கிறது என்று பார்த்து எழுதட்டும். அக்டோபர் 2 கிராம சபையில் அதை அவர்களே படிக்கட்டும். ஊராட்சித் தலைவர் எழுந்து நின்று பதில் சொல்லட்டும்.