புதுப் புறாவை வந்த அன்றே கூட்டில் விடலாமா?

பொங்கல் லீவு வரப்போகிறது. போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் நம் பள்ளிப் பையன்கள் நிறையப் பேர் சந்தையில் புறா வாங்குவீர்கள். பெண்பிள்ளைகளும் வளர்க்கிறோம், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது வேற கதை. வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கி வந்த அன்றைக்கே பழைய புறாக்களோடு சேர்த்து விடாதீர்கள். 30 நாள் தனியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. "தண்ணியில மருந்து கலக்கிக் குடுத்தாச்சு, அதனால மூணாம் நாளே விட்டுட்டேன்" என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் சந்தையைப் பாருங்கள். ஒரே கூண்டுக்குள் பல ஊர்ப் புறாக்களை அடைத்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தண்ணிக் கிண்ணம். கோழி தண்ணி குடிக்கும்போது கவனித்திருப்பீர்கள், ஒரு வாய் எடுத்துவிட்டுத் தலையை மேலே தூக்கும். புறா அப்படி இல்லை. அலகை உள்ளே விட்டு அப்படியே உறிஞ்சிக் குடிக்கும். அதனால் ஒரு புறாவின் வாயில் இருப்பது அந்தத் தண்ணியில் கலந்து அடுத்த புறாவுக்குப் போய்விடும். கேங்கர் என்று புறா வளர்ப்பவர்கள் சொல்லும் தொண்டை நோய் இப்படித்தான் பரவுகிறது. டிரைகோமோனாஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத ஓருயிரியால் வருவது அது. தொண்டைக்குள் மஞ்சளாக, கெட்டியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல் தெரியும். பெரிய புறா பல சமயம் ஒன்றும் இல்லாதது மாதிரி நன்றாகவே இருக்கும். ஆனால் ஆண் புறாவும் பெண் புறாவும் குஞ்சுக்குத் தொண்டையிலிருந்து புறாப்பால் ஊட்டும் அல்லவா, அதோடு சேர்ந்து குஞ்சுக்குப் போகும். குஞ்சு செத்துப்போகும். நாம் "பனி ஒத்துக்கல" என்று சொல்லிக்கொள்வோம்.

அதைவிட மோசமானது கழுத்து திருகும் நோய். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் இருக்கிறதே, ராணிக்கெட் என்று வடக்கே உள்ள மலை ஊரின் பெயரால் சொல்வார்கள், அதே வைரஸின் இன்னொரு வகை இது. புறா நிறையத் தண்ணி குடிக்கும். எச்சம் தண்ணியாகப் போகும். பிறகு கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கம்பைக் கொத்தும், ஆனால் குறி தவறித் தரையைத்தான் கொத்தும். கண் முன்னாடி தீனி கிடக்கப் பட்டினியாகவே செத்துப்போகும். இதற்கு மருந்தே கிடையாது. வராமல் தடுக்கத் தடுப்பூசிதான் உண்டு. இதில் முக்கியமான விஷயம், நோய் உள்ளே போன உடனே வெளியே தெரியாது. சிலதுக்குச் சில நாளில் தெரியும், சிலதுக்குச் சில வாரம் ஆகும். மூணு நாள் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் ஆடி மாசம் அண்ணன் ஒரு வியாபாரியிடம் ஒரு சோடி கர்ணப்புறா வாங்கி வந்தான். 600 ரூபாய். "எல்லா மருந்தும் குடுத்தாச்சு தம்பி, தைரியமா விடு" என்று அவர் சொன்னாராம். அன்று சாயங்காலமே கூட்டில் விட்டாச்சு. அப்போது கூட்டில் 23 புறா. பன்னிரண்டாம் நாள் ஒன்று கழுத்தைத் திருகியது. அடுத்த மாசம் எண்ணிப் பார்த்தால் 9 தான் மிச்சம். வாங்கி வந்த சோடியில் ஆண் புறா இன்றைக்கும் கொழுகொழுவென்று இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது என்பது ஒரு சாட்சியே இல்லை என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

புறாவோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு அப்பத்தா நாட்டுக்கோழி வளர்க்கிறார். முட்டை விற்றுத்தான் அவருக்கு வெற்றிலைச் செலவு, மாத்திரைச் செலவு எல்லாம். அதே மாசத்தில் அவருடைய கோழியில் நாலு செத்துப்போனது. புறாவால்தானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புறாவிடமிருந்து கோழிக்கு இது போகும் என்பது உண்மை. 1984 இல் இங்கிலாந்தில் கோழிப்பண்ணைகளில் இந்த நோய் வந்தது. எங்கிருந்து என்று தேடிப் பார்த்தபோது, லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் இருந்த தீவனத்தில் புறா எச்சம் விழுந்திருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். புறா நமக்கு விளையாட்டு. கோழி அந்த அப்பத்தாவுக்குப் பிழைப்பு. நம் விளையாட்டுக்கு அவர் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

இப்போது மருந்து விஷயத்துக்கு வருகிறேன். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேங்கருக்கு மருந்து உண்டு, குடல்புழுவுக்கு உண்டு, காக்சீடியா என்ற கழிச்சலுக்கும் உண்டு. தப்பு எங்கே என்றால், வந்த அன்றைக்கே மெடிக்கலில் மனுஷனுக்கு விற்கும் மாத்திரையை வாங்கி, நுணுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தண்ணியில் கொட்டுவது. பஸ்ஸில் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த புறா ஏற்கெனவே சோர்ந்திருக்கும். அதற்கு முதல் ரெண்டு மூணு நாள் நல்ல தண்ணியும் தீனியும்தான் வேண்டும். அதோடு தண்ணியில் கலந்தால் அளவு எப்படித் தெரியும்? வெயில் நாளில் நிறையக் குடிக்கும், மருந்தும் நிறைய உள்ளே போகும். பனி நாளில் கொஞ்சம்தான் போகும். அரைகுறை மருந்தில் நோய் மறைந்துகொள்ளும், போகாது. பிறகு நாம் ஏமாந்து கூட்டில் விட்டுவிடுவோம். வைரஸ் நோயை இந்த மாத்திரை எதுவும் ஒன்றும் செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதற்குப் பதில் புது எச்சத்தைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். புழு முட்டை இருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். டாக்டர் எடைக்கு ஏற்ற மாதிரி மருந்து சொல்வார். தடுப்பூசியையும் அப்போதே கேட்டுவிடலாம். "புறாவுக்கெல்லாமா வந்தே" என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

தனியாக வைத்தால் புறா ஏங்கிப்போகும், கூடு பழகாது என்று அண்ணன் சொல்கிறான். சோடியாக வாங்கினால் சோடியாகவே வைக்கலாம், ஏங்காது. கூடு பழகுவதற்கு எப்படியும் இறக்கையைக் கட்டிப் பல நாள் அடைத்துத்தானே வைக்கிறீர்கள்? அந்த நாளையே தனிக் கூண்டில் அடைத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? வானமும் வீடும் தெரிகிற இடத்தில் கூண்டை வையுங்கள், பார்த்துப் பழகிக்கொள்ளும்.

நமக்கு இதெல்லாம் புதுசு இல்லை. 2020 இல் கொரோனா வந்தபோது நான் நாலாம் வகுப்பு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் 14 நாள் தனியாக இருக்க வேண்டும் என்றார்கள், இருந்தார்கள். அதற்கும் ரொம்ப முன்னாடி, வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்களாம். சமூக அறிவியல் டீச்சர் சொன்னார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பழைய கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, வீட்டின் மறுபக்கம் வையுங்கள். கிண்ணம் தனியாக இருக்கட்டும். முதலில் பழைய புறாவுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகத்தான் புதுசுக்குப் போக வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தரை காய்ந்து இருக்க வேண்டும், ஈரத்தில்தான் காக்சீடியா வளரும். தினமும் எச்சத்தைப் பாருங்கள். கெட்டியாக, பழுப்பாக, மேலே வெள்ளையாக இருந்தால் நல்லது. பச்சையாகத் தண்ணி மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். இறக்கையை வெயிலுக்கு நேராக விரித்துப் பார்த்தால் பேன் தெரியும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தினால் புறா உள்ளுக்குள் இளைக்கிறது என்று அர்த்தம். இருபதாம் நாள் இன்னொரு புறா வாங்கி அதே கூண்டில் போட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இது பலருக்குப் பிடிக்காது என்று தெரியும்.

ஒருவேளை கழுத்து திருகிவிட்டால் உடனே அறுத்துவிடாதீர்கள். கம்பைத் தட்டில் பரப்பாமல் ஆழமான கிண்ணத்தில் நிறைய வையுங்கள். குறி தவறினாலும் ஏதாவது வாயில் படும். பெரியப்பா வீட்டில் மிஞ்சிய 9 இல் ரெண்டு அப்படிப் பிழைத்ததுதான்.

கூண்டு இல்லை என்பவர்களுக்கு: எங்கள் வீட்டில் பழைய பழப்பெட்டியில் வலை அடித்துச் செய்த கூண்டு ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரு சோடிக்குப் போதும். கேட்டால் தருகிறேன். 30 நாள் கழித்து, சுண்ணாம்பு அடித்து வெயிலில் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு