வீட்டிலேயே பாட்டுப் பதியலாம்

பாட்டுப் பதியப் பெரிய கட்டடம் வேண்டும் என்று மலைக்காதீர்கள். ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் சென்னையில் தம் வீட்டோடு சேர்த்து அமைத்த பஞ்சதன் ஸ்டூடியோவில்தான் 1992-ல் வெளிவந்த 'ரோஜா' பாடல்கள் உருவாயின.

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலும் மகளுக்காக ஒன்று அமைத்தோம். முதலில் அறை, அப்புறந்தான் சாமான். தெருச் சத்தம் எட்டாத சின்ன உள்ளறை நல்லது. வெறும் சுவரில் குரல் மோதி எதிரொலிக்கும். மெத்தை, கம்பளி, ஜமக்காளம் தொங்கவிட்டால் அடங்கிவிடும். முட்டை அட்டை ஒட்டினால் வெளிச் சத்தம் நிற்காது. பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

யு.எஸ்.பி. மைக் ஒன்று, காதை மூடும் ஹெட்போன் ஒன்று, வீட்டுக் கம்ப்யூட்டர், இலவசமாகக் கிடைக்கும் 'ஆடாசிட்டி'. ஆரம்பத்துக்கு இது போதும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். எம்ப்ராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை மாட்டி நடுவில் வைத்தால் மூச்சுக் காற்று மைக்கில் அடிக்காது. ஒலி அளவு சிவப்பைத் தொடக் கூடாது. தொட்டால் குரல் கரகரக்கும், பிறகு சரிசெய்வது கஷ்டம்.

மகள் சினிமாப் பாட்டுத்தான் பாடினாள். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவரும் ஆயாவின் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் பதியச் சொன்னது நான். அவர் பேத்திகளுக்கு ஒரு வரிகூடத் தெரியாதாம்! அவரிடம் சம்மதம் கேட்டுப் பதிந்து, பேத்தியின் போனிலும் ஏற்றிக் கொடுத்தோம்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டேயும் பாட்டு இருக்குமே? குரல் நடுங்குகிறது என்று தள்ளிப்போடாதீங்க. நாளைக்கு அந்த நடுக்கம்கூடக் கிடைக்காது.