அக்கரையில் விற்கும் மட்கார்டு

காருக்கு மாட்டும் மட்கார்டைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் தோழர்கள் சிரிக்கக்கூடும். சைக்கிள் மட்கார்டு துருப்பிடித்து உடைந்தால் கம்பியால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் நாம். கார்க்காரன் கவலை நமக்கேன்? ஆனால் நாம் பேசுவது பங்களாக்காரன் காரைப் பற்றியல்ல. கனடா தேசத்தில் வின்ட்சர் என்று ஓர் ஊர். கார்த் தொழிலாளிகளின் ஊர். தூரம் அதிகம், பஸ் குறைவு, பனிக்காலம் கொடியது. அங்கே தொழிலாளிக்குக் கார் என்பது நமக்குச் சைக்கிள் மாதிரி. அது இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது.

வின்ட்சருக்கு எதிரே ஓர் ஆறு. அக்கரையில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரம். 1929-இல் திறந்த அம்பாசடர் பாலமும், 1930-இல் திறந்த சுரங்கப் பாதையும் இரு கரைகளையும் இணைக்கின்றன. அந்தப் பாலம் சர்க்கார் சொத்துகூட அல்ல; தனியார் சொத்து. கடக்கிறவன் காசு கொடுத்துத்தான் கடக்க வேண்டும்.

பனிக்காலத்தில் சாலையில் உறைபனி கட்டிவிடும். அதைக் கரைக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு வெகுதூரத்திலிருந்து வரவில்லை; வின்ட்சருக்கு அடியிலும் டெட்ராயிட்டுக்கு அடியிலும் உப்புச் சுரங்கங்கள் இருக்கின்றன. (வின்ட்சர் உப்புத் தொழிலாளிகள் 2023-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது தனிக் கதை.) சாலையில் கொட்டிய உப்பும் சேறும் சக்கரத்திலிருந்து தெறித்துக் கார்த் தகட்டை அரிக்கும். சில ஆண்டுகளில் கதவின் அடிப்பாகம் ஓட்டை விழும். ஆகவே, சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் ரப்பர்த் தகடு என்பது ஆடம்பரம் அல்ல. காரின் ஆயுள் அதில் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வின்ட்சரில் கார் செய்யும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவன் கைபட்டுச் செய்த வண்டி இரண்டு நாட்டிலும் ஓடுகிறது. அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்த மட்கார்டோ, கூரையில் சாமான் கட்டும் கேரியரோ, முகப்புத் தகடோ வாங்கப் போகிறான். கடைக்காரர் கம்பெனியின் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள சாமான், இங்கே வராது” என்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டால் கிடைக்கும். ஏன் இந்த நிலை?

சில வித்தியாசங்களுக்குக் காரணம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. மிச்சிகன் மாகாணத்தில் காருக்குப் பின்பக்கம் மட்டும் நம்பர் பலகை. ஒன்டாரியோவில் முன்னும் பின்னும் வேண்டும். 1989 டிசம்பருக்குப் பின் செய்த கார்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது கனடாவின் சட்டம். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. இப்படிப்பட்டவை சட்டத்தின் வேலை, சரி. மட்கார்டுக்கு என்ன சட்டம்? அக்கரைச் சேறு வேறு, இக்கரைச் சேறு வேறா? சந்தையைப் பாத்தி கட்டிப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பட்டியல், ஒரு விலை என்று வைப்பது கம்பெனியின் ஏற்பாடு.

2007-இல் இந்த ஏற்பாடு வெட்டவெளிச்சமானது. கனடாவின் டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமாக உயர்ந்தது. அதே கார் அக்கரையில் மலிவு என்று ஜனங்கள் கூட்டமாக ஆற்றைக் கடந்தார்கள். கம்பெனிகள் என்ன செய்தன? கனடாக்காரனுக்குப் புதுக் கார் விற்கக் கூடாது என்று அமெரிக்க விற்பனையாளர்களுக்குத் தடை இருந்தது என்ற புகார் நீதிமன்றம்வரை போனது. சுதந்திர வியாபாரம், போட்டி என்று ஓயாமல் பேசுகிறார்களே, வாங்குகிறவன் காலெடுத்து வைத்தவுடன் அது எங்கே போயிற்று?

சரி, நம் தொழிலாளி விடவில்லை, பாலம் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பாலத்துக்குக் காசு. மிச்சிகனில் விற்பனை வரி நூற்றுக்கு 6. வாங்கிக்கொண்டு அன்றே திரும்பினால், 24 மணி நேரம்கூட வெளியே தங்காதவனுக்கு வரிச் சலுகை ஒரு காசும் கிடையாது. ஆகவே ஒன்டாரியோ வரி நூற்றுக்கு 13. சாமான் மூன்றாவது நாட்டில் செய்ததாக இருந்தால் சுங்கமும் சேரும். 24 மணி நேரம் தங்கியவனுக்கு 200 டாலர், 48 மணி நேரம் தங்கியவனுக்கு 800 டாலர்வரை விலக்கு உண்டு. ஓட்டலில் இரண்டு இரவு தங்கப் பணமும் லீவும் உள்ளவனுக்குச் சலுகை. ஷிப்டு முடிந்து ஓடிப்போய் வருகிறவனுக்கு முழு வரி!

தபாலில் தருவிக்கலாமே என்றால், நாடு தாண்டி அனுப்பாத கடைகள் பல. அனுப்பினாலும் கூரியர் கம்பெனி சுங்கக் காரியம் பார்த்ததற்கென்று தனிக் கூலி கேட்கும். இதற்காகவே எல்லையோர அமெரிக்க ஊர்களில், கனடாக்காரரின் பார்சலை வாங்கி வைத்துக் கொடுப்பதைப் பிழைப்பாக நடத்தும் கடைகள் இருக்கின்றன.

இந்தச் சுங்கச் சுவரின் பூர்வீகத்தைப் பார்த்தால்தான் நியாயம் புரியும். 1904-இல் வின்ட்சரை அடுத்த வாக்கர்வில்லில் போர்டு கம்பெனியின் கனடாக் கிளை தொடங்கியது. அக்கரையில் டெட்ராயிட்டிலேயே தொழிற்சாலை இருக்க, இக்கரையில் எதற்கு இன்னொன்று? கனடா வெளிநாட்டுக் கார்களுக்குச் சுங்கம் போட்டிருந்தது. பாகங்களைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடத்தி இக்கரையில் பூட்டினால், அது கனடாக் கார். அதோடு பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சலுகையும் கிடைத்தது. பிரிட்டன் நீங்கலாகச் சாம்ராஜ்யச் சந்தை இந்தக் கனடாக் கம்பெனியின் பங்கு. நம் நாட்டில் 1926-இல் ஏற்பட்ட போர்டு கம்பெனியும் அதன் கிளைதான். ஆக, அந்நாளில் சென்னைச் சாலைகளில் ஓடிய போர்டு காருக்கும் வின்ட்சர் ஆற்றங்கரைக்கும் உறவு உண்டு. சுவர் கம்பெனியைத் தடுக்கவில்லை. சுவரே கம்பெனிக்கு ஏணியாயிற்று.

1965 ஜனவரி 16-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனும் கனடாப் பிரதமர் பியர்சனும் கார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். காரும் பாகமும் சுங்கமின்றி எல்லை தாண்டலாம் என்றார்கள். யாருக்கு? இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டும். கனடாவில் அந்தச் சலுகை கார் உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கு மட்டும். தனி மனிதன் தனக்கென்று ஒரு காரைக் கொண்டுவந்தால் சுங்கம் கட்ட வேண்டும். கார் செய்வதற்கான பாகங்களுக்குச் சலுகை. பழுதுக்கு மாற்றும் பாகத்துக்கும் டயருக்கும் இல்லை. தொழிற்சாலை வாசலுக்குள் பூட்டும் பாகத்துக்கு வரி இல்லை. அதையே தொழிலாளி கடையில் வாங்கிப் பூட்டினால் வரி. அந்த ஒப்பந்தத்தால் வின்ட்சரில் வேலை பெருகியது என்பதும் உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஜப்பானும் ஐரோப்பாவும் தொடுத்த வழக்கில் உலக வர்த்தக ஸ்தாபனம் பாதகமாகத் தீர்ப்புச் சொல்ல, 2001-இல் அது ஒழிந்தது.

1965-க்குப் பின் வந்த வேறு ஒப்பந்தங்களும் சுவரைத் தாழ்த்தின. 2025-இல் அமெரிக்க சர்க்கார் மறுபடி உயர்த்தியது. ஏப்ரல் 3 முதல் வெளிநாட்டுக் கார்களுக்கு நூற்றுக்கு 25, மே 3 முதல் பாகங்களுக்கும் 25. கனடாவும் பதிலுக்கு அமெரிக்கக் கார்கள்மேல் வரி போட்டது. அமெரிக்கத் தொழிலாளியைக் காப்பாற்றவே இந்த வரி என்றார்கள். நடந்தது என்ன? அந்த ஏப்ரலிலேயே வின்ட்சர் கார்த் தொழிற்சாலை இரண்டு வாரம் நின்றது. அதற்குப் பாகம் செய்து கொடுத்த மிச்சிகன், இந்தியானா தொழிற்சாலைகளில் சுமார் 900 அமெரிக்கத் தொழிலாளிகளைத் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பாகம் காரில் சேருமுன் பலமுறை ஆற்றைக் கடக்கிறது. இக்கரையில் சங்கு நின்றால் அக்கரையிலும் அடுப்பு அணைகிறது.

இது எங்கோ நடக்கும் கதை என்று விடவும் முடியாது. மறைமலைநகரில் நம் தொழிலாளிகள் செய்த எக்கோஸ்போர்ட் கார் 2018 முதல் அமெரிக்காவில் விற்றது. 2021 செப்டம்பரில் கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் தொழிலாளிகள் நியாயமான நஷ்ட ஈடு கேட்டுப் போராட வேண்டியிருந்தது. காருக்கு எல்லை திறந்தது. செய்தவனுக்கு வாசல் மூடியது.

வின்ட்சர்க்காரனும் டெட்ராயிட்காரனும் ஒரே யூனியனில் இருந்தவர்கள். கம்பெனிக்கு விட்டுக்கொடுப்பதா கூடாதா என்ற தகராறில் 1985-இல் கனடாத் தோழர்கள் தனியே பிரிந்தார்கள். விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற அவர்கள் பிடிவாதம் நியாயமே. ஆனால் முதலாளி இரண்டு கரையிலும் ஒருவனாக இருக்க, யூனியன் இரண்டானது நஷ்டம்தான்.

அவர்கள் பலம் இல்லாதவர்கள் அல்ல. 1945 செப்டம்பரில் வின்ட்சர் போர்டு தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 99 நாள் நீடித்தது. நவம்பரில் போலீஸ் குவிந்தபோது அவர்கள் தங்கள் கார்களையே கொண்டுவந்து தொழிற்சாலையைச் சுற்றித் தெருக்களில் நிறுத்தினார்கள். சுமார் 2,000 வண்டிகள்! போலீஸ் நுழைய வழியில்லை. 1946 ஜனவரியில் நீதிபதி ராண்ட் தீர்ப்பளித்தார்: யூனியனில் சேராவிட்டாலும், அதனால் பயன்பெறும் ஒவ்வொரு தொழிலாளியும் சந்தா கட்ட வேண்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு மட்கார்டு விஷயம் பெரிதல்ல. இங்கு விற்கும் வண்டிக்கு உரிய சாமானை இங்கும் விற்க வேண்டும் என்று கம்பெனியைக் கேட்கலாம். அன்றே திரும்புகிறவனுக்கும் ஓரளவு வரி விலக்கு வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கலாம். இரண்டையும் யூனியன் மூலம் கேட்கலாம். அதுவரை அக்கரையில் வாங்குகிறவன் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சுங்கச் சாவடியில் உள்ளபடி சொல்லி வரியைக் கட்டிவிட்டு வரட்டும். மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டால் சாமானும் போகும், அபராதமும் விழும். லாரி லாரியாகக் கடத்தும் கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். இவனுக்கு யார் இருக்கிறார்கள்?